வயலின்களை எழுதியவர் பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோல் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் அவருக்கு ஒரு முழுப் பக்கம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகர மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் மீது இனவெறியர்கள் பாய்ந்து தாக்கியதையும், அவருடைய டிவி நிகழ்ச்சிக்கு நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வராமல் அது அடுத்த ஆண்டே நின்றுபோனதையும் மழுப்பாமல் எழுதியிருந்தார் கட்டுரையாளர். அதற்கு என் நன்றி.

ஆனால் பாடகரின் குரலைப் பற்றி மூன்று பத்தி எழுதிவிட்டு, வாத்தியங்களை "இனிய வயலின் பின்னணி" என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டதுதான் மனதை உறுத்துகிறது.

நான் வளர்ந்தது திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில். பக்கத்து வீட்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அந்த வீட்டு ஆண்ட்டி சாயங்கால வேலை முடிந்ததும் கிராமபோனில் நாட் கிங் கோலின் 'மோனா லிசா' போடுவார். எனக்கு அப்போது ஆங்கிலப் பாட்டின் ஒரு வார்த்தையும் பிடிபடாது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்டது குரலும் வயலின்களும் சேர்ந்த ஒரே ஓசையைத்தான். எது குரல், எது பின்னணி என்று பிரித்துப் பார்க்க அப்போது தெரியாது. இப்போது தெரிந்தாலும் பிரிக்க மனம் வரவில்லை.

1950-இல் வந்த அந்த இசைத்தட்டின் லேபிளில் வாத்தியக்குழுவை நடத்தியவர் என்று லெஸ் பாக்ஸ்டர் பெயர் இருக்கும். ஆனால் எந்த வாத்தியம் எந்த இடத்தில் என்ன வாசிக்க வேண்டும் என்று ஸ்வரம் ஸ்வரமாக எழுதிக்கொடுத்தவர் அவர் அல்ல. நெல்சன் ரிடில் என்ற இளைஞர். அப்போது வயது 28. பாட்டு அமெரிக்காவையே பிடித்துக்கொண்டது, பாடல் தரவரிசைப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடம். வாத்தியங்களை எழுதியவர் பெயரோ எங்கும் இல்லை. எழுதியது யார் என்று நாட் கிங் கோலுக்குத் தெரிந்த பிறகுதான் அவர் ரிடிலையே தேடிப் பிடித்து வேலை கொடுத்தார். மறு வருடம் வந்த 'அன்ஃபர்கெட்டபிள்' பாட்டுக்கு வாத்தியங்களை அமைத்ததும் அதே ரிடில்தான். (1991-இல் மகள் நட்டாலியுடன் நாட் கிங் கோல் அதைப் பாடியதாகக் கட்டுரையில் இருக்கிறது. அவர் 1965-லேயே காலமாகிவிட்டார். பழைய ஒலிப்பதிவிலிருந்து எடுத்த அப்பாவின் குரலோடு மகள் சேர்ந்து பாடியது அது. திருத்தம் போட வேண்டுகிறேன்.)

இப்படி வாத்தியங்களை எழுதிக்கொடுக்கும் அரேஞ்சர் என்பவரின் வேலை பாட்டைச் சுற்றித் தோரணம் கட்டுவது இல்லை. கோல் பாடி 1957-இல் வந்த 'வென் ஐ ஃபால் இன் லவ்' பாட்டை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அதற்கு வாத்தியங்களை எழுதியவர் கார்டன் ஜென்கின்ஸ். பாடகர் அவசரப்படவே மாட்டார். ஒரு வரியைப் பாடிவிட்டு மூச்சு விடுவார். அந்த இடைவெளியில் வயலின்கள் மெல்ல எழும்பி, அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்லும். அவர் மறுபடி வாய் திறக்கும்போது தணிந்து வழிவிடும். எப்போது பேசுவது, எப்போது சும்மா இருப்பது என்று யாரோ ஒருவர் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அந்த யாரோ இல்லாவிட்டால் அந்தக் குரல் இவ்வளவு நிதானமாக நின்றிருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

அடுத்த வாரம் இன்னொரு அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா என்று அறிவித்திருக்கிறீர்கள். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். சினாட்ரா 1940 முதல் 1942 வரை டாமி டார்சி என்பவரின் வாத்தியக்குழுவில் பாடினார். டார்சி டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியை மூச்சு முறியாமல் வாசிப்பதைப் பார்த்துத்தான் நீண்ட வரிகளைப் பாடக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். சினாட்ரா விலகிப் போன பிறகு அதே குழுவில் டிராம்போன் வாசிக்க வந்தவர் நம் ரிடில். 1953-இல் கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனத்தில் இருவரும் ஒன்று சேர்ந்தார்கள். ரிடிலுக்கு அந்தக் குரலின் மூச்சு எங்கே முடியும் என்று தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

1956 ஜனவரியில் பதிவான 'ஐ ஹேவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' பாட்டில் குரல் ஒதுங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டிராம்போன்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் மில்ட் பெர்ன்ஹார்ட்டின் டிராம்போன் தனியாக வெடித்துக் கிளம்பும். அப்புறம்தான் சினாட்ரா திரும்பி வருவார், முன்பைவிட இரண்டு மடங்கு உற்சாகம் பிடித்தவராக. அது காதல் பாட்டு. அதன் உச்சத்தில் ஒரு சொல்கூட இல்லை! சினாட்ராவைப் பற்றி எழுதும் யாரும் இந்த இடத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

அரேஞ்சர்களுக்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தட்டு எத்தனை லட்சம் விற்றாலும் அதில் பங்கு கிடையாது. சரி, அந்தக் காசை நாம் இன்று கொடுக்க முடியாது. பெயரைக் கொடுக்கலாம்.

சினாட்ரா மேடையில் ஒரு பாட்டைப் பாடும்போது, அதை எழுதியவர் யார், வாத்தியங்களை அமைத்தவர் யார் என்று சபைக்குச் சொல்வதை வழக்கமாக வைத்திருந்தார். அவர் மேடையில் செய்ததை அடுத்த ஞாயிறு நீங்கள் அச்சில் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு வாத்தியங்களை அமைத்தவர்கள் நெல்சன் ரிடில், கார்டன் ஜென்கின்ஸ், பில்லி மே. மூன்று பெயருக்கு அரை வரி போதும்.

இப்படிக்கு,
பொன்மலை வாசகி,
திருச்சி