ஆசனக் கணக்கும் வாக்காளர் இடாப்பும்

ஆசிரியருக்கு,

1997இல் ஹொங்கொங்கைச் சீனாவிடம் ஒப்படைக்குமுன் பிரித்தானியா செய்த தேர்தல் சீர்திருத்தத்தைப் பற்றி எழுதுவோர், ‘ஆளுநர் பற்றன் கொடுத்தார், பீஜிங் பறித்தது’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கொடுத்ததும் பறித்ததும் ஒரே இடத்தில்தான் நடந்தன: வாக்காளர் இடாப்பில்.

1992இல் பதவிக்கு வந்த கிறிஸ் பற்றனுக்கு ஆசனக் கணக்கில் கைவைக்க இடமிருக்கவில்லை. 1990இல், ஒப்படைப்புக்குப் பிந்திய ஹொங்கொங்கின் யாப்பான அடிப்படைச் சட்டத்தோடு சேர்த்தே, சட்டசபையின் 60 ஆசனங்களையும் சீனா பங்கிட்டுவிட்டது: நேரடித் தேர்தலுக்கு 20, ஒவ்வொரு தொழில்துறையும் தன் பிரதிநிதியைத் தெரியும் தொழில்சார் தொகுதிகளுக்கு 30, தேர்தல் குழுவுக்கு 10. ஆனால் தொழில்சார் தொகுதியில் யார் வாக்களிப்பது என்பது அதில் எழுதப்படவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் அவர் புகுந்தார். பழைய தொழில்சார் தொகுதிகள் சிலவற்றில் கம்பனிக்கே வாக்கு இருந்தது. அதைத் தனிநபர்களுக்கு மாற்றினார். புதிய ஒன்பது தொகுதிகளில் வேலைசெய்யும் சுமார் 27 இலட்சம் பேருக்கும் இடம் வைத்தார். வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது. 1994 ஜூன் இறுதியில், இவற்றை நீர்த்துப்போகச் செய்யவந்த திருத்தமொன்று ஒரே வாக்கால் தோற்றது.

ஆக, 1995 செப்டெம்பரில் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெசினில் இருந்த பெண்ணுக்கு இரண்டு வாக்குகள். வசிக்கும் தொகுதிக்கு ஒன்று, புடவை-ஆடைத் தொழில் தொகுதிக்கு ஒன்று. 1998 தேர்தலிலும் அதே பெயரில் அந்தத் தொகுதி இருந்தது. வாக்கு மட்டும் உற்பத்தி, ஏற்றுமதிக் கம்பனிகள் பக்கமும் அவற்றின் சங்கங்கள் பக்கமும் போய்விட்டது.

இடையில் நடந்தது தெரிந்ததே. 1995இல் தெரிவான சபை 1997ஐத் தாண்டித் தொடர்வதைச் சீனா ஏற்கவில்லை. சீனா அமைத்த 400 பேர் கொண்ட குழு ஒரு தற்காலிக சபையைத் தெரிவுசெய்ய, அது ஒப்படைப்பு வரை எல்லைக்கு அப்பால் சீன நகரான ஷென்சென்னில் கூடியது. ஒப்படைப்புப் பற்றிப் பிரித்தானியாவும் சீனாவும் செய்த 1984 கூட்டுப் பிரகடனத்தைப் புரட்டினால், சட்டசபை தேர்தல் மூலம் அமைக்கப்படும் என்ற ஒரே வரிதான் இருக்கும். எத்தகைய தேர்தல், யார் வாக்காளர் என்ற பேச்சே இல்லை. பதின்மூன்று ஆண்டு அவகாசம் இருந்தும் பிரித்தானியா கடைசி ஐந்தாண்டில் அவசரப்பட்டதைவிட, அந்த வரியை அப்படியே விட்டதுதான் பெரிய பிழை என்போம்.

இலங்கையருக்கு இது புதிதல்ல. சுதந்திரத்தை ஒட்டிப் பிரித்தானியா தந்த சோல்பரி அரசியலமைப்பு ஏற்பாட்டில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதற்கு மேல் 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம். கிழக்கு மாகாணத்துக்கு 1947இல் கிடைத்த 7 ஆசனங்களில் 4 நிலப்பரப்பால் வந்தவை. ஆசனக் கணக்கு அவ்வளவு நுணுக்கமானது. இடாப்பில் யார் இருப்பார் என்பதையோ வரப்போகும் பாராளுமன்றத்தின் கையில் விட்டுவிட்டார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும் தந்தையோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கான ஆதாரம் கேட்டது. மலையகத் தமிழர் வாழ்ந்த தோட்டத்து லயத்தில் பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? 1949இல் அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. பாரபட்சமான சட்டங்களைத் தடுக்கவென்றே அந்த அரசியலமைப்பில் வைத்த 29(2)ஆம் பிரிவு, 1953இல் இலண்டனிலிருந்த உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலில் கைகொடுக்கவில்லை. குடித்தொகைக் கணக்கில் மலையகத் தமிழரின் தலைகள் எண்ணப்பட்டன, ஆசனங்களும் இருந்தன. ஆனால் 1947இல் அவர்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் வென்ற 7 ஆசனங்களில் ஒன்றுகூட 1952இல் அவர்களுக்கு இல்லை.

தனக்கு வேண்டியதை மட்டும் பிரித்தானியா பிற்காலப் பாராளுமன்றத்தின் நல்லெண்ணத்துக்கு விடவில்லை. 1947 நவம்பர் 11இல் பாதுகாப்பு ஒப்பந்தம் தனியாகக் கைச்சாத்தானது; எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் கடற்படைத் தளம் 1957 வரை அவர்களிடம் இருந்தது.

ஹொங்கொங் பற்றி இனி எழுதுவோர், 1991, 1995, 1998 தேர்தல்களில் யார் யாருக்கு வாக்கு இருந்தது என்ற விதிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் காட்டட்டும். ஆசன அட்டவணையை மட்டும் போட்டால் 1995க்கும் 1998க்கும் வேறுபாடே தெரியாது. இரண்டிலும் 20, 30, 10தான்.

வாசகர்கள் சிலர்,
திருகோணமலை