மூன்றாவது கீப்பரின் அப்பாவுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும் என்றுதான் தள்ளிப்போட்டேன். உன் மகன் கால்பந்து கிளப் ஒன்றோடு தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தங்கச்சி அழுதுவிட்டதாக எழுதியிருந்தாய். எனக்கும் கண் கலங்கிவிட்டது. எட்டு வயதில் என் பழைய கிளவுஸை மாட்டிக்கொண்டு நின்றானே, அது அவன் முழங்கை வரைக்கும் வந்ததே, அந்தப் பையனா என்று இருந்தது.

ஆனால் சந்தோஷத்தையெல்லாம் முதல் பக்கத்திலேயே முடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "மூன்றாவது கீப்பராகத்தான் எடுத்திருக்கிறார்கள். இவன் காலமெல்லாம் பெஞ்சிலேயே உட்கார வேண்டியதுதானா?" நீ அத்தனை வருஷம் எனக்கு முன்னால் ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக நின்றவன். உனக்கே இந்தப் பயம் வருகிறது என்றால், எங்கள் வேலையின் இந்தப் பக்கத்தைப் பற்றி நான் உன்னிடம் ஒழுங்காகப் பேசியதே இல்லை என்றுதான் அர்த்தம்.

உன்னைப் போன்ற மற்ற ஆட்டக்காரர்களுக்கு ஓர் இடம் இல்லாவிட்டால் இன்னோர் இடம். நடுவில் இடமில்லை என்றால் ஓரத்தில் ஆடுவீர்கள், கடைசி இருபது நிமிஷத்துக்காவது இறங்குவீர்கள். கீப்பர்களான எங்களுக்கு இருப்பது 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள ஒரே இடம். அதில் நிற்பவர் நன்றாக ஆடும் வரை யாரும் அவரை மாற்ற மாட்டார்கள், மாற்றவும் கூடாது. அதனால் காத்திருப்பது எங்கள் தொழிலிலேயே சேர்ந்தது. நல்ல கீப்பர்களில் காத்திருக்காதவர் யாரும் அநேகமாக இல்லை.

காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைத்துவிடாதே. மூன்றாவது கீப்பரின் வாரம் எப்படிப் போகும் தெரியுமா? பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகும், ஃபார்வர்டுகள் இன்னும் கொஞ்சம் ஷூட் செய்து பார்க்க வேண்டும் என்பார்கள். முதல் கீப்பரை அவ்வளவு களைப்படைய விடமாட்டார்கள். அப்போது வலைக்கு முன்னால் நிற்பவன் இவன்தான். நாற்பது பந்து, ஐம்பது பந்து. சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு ஒவ்வொன்றுக்கும் விழுந்து எழ வேண்டும். ஆட்டத்தன்று முதல் கீப்பரைத் தயார்ப்படுத்த கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து வலைக்கு முன்னால் அடிக்கும் பந்து, போட்டுக் கொடுப்பதிலும் கை கொடுக்க வேண்டும். தன் இடத்தில் நிற்கும் ஆளைத் தன் காலாலேயே ஆட்டத்துக்குத் தயார் செய்கிற வேலை இது. வேறு எந்த இடத்து ஆட்டக்காரருக்கும் இப்படி ஒரு வேலை இல்லை.

ஸ்காட் கார்சனை எடுத்துக்கொள். 2005-இல் இஸ்தான்புல்லில் லிவர்பூல் கிளப் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றபோது அணியில் இருந்த இளம் கீப்பர். 2007 நவம்பரில் வெம்ப்ளியில் குரோஷியாவுக்கு எதிரான ஆட்டத்தில், 22 வயதில் இங்கிலாந்தின் வலையைக் காக்க இறக்கினார்கள். டிரா செய்தாலே யூரோ என்கிற ஐரோப்பிய நாடுகளின் போட்டிக்குப் போய்விடலாம். எட்டாவது நிமிஷத்தில் குரோஷியாவின் கிராஞ்சார் தூரத்திலிருந்து அடித்த பந்து முன்னால் குத்தி எழும்பி இவர் கையில் பட்டு வலைக்குள் போய்விட்டது. 3-2 என்று தோற்றது இங்கிலாந்து. அன்றோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவரோ ஊர் ஊராக, கிளப் கிளப்பாக ஆடிக்கொண்டே இருந்தார். 2019-இல் மான்செஸ்டர் சிட்டிக்கு மூன்றாவது கீப்பராக வந்தார். ஆறு பருவத்தில் அவர் அங்கே ஆடியது இரண்டே ஆட்டம். அதில் ஒன்றில் ஒரு பெனால்டியைத் தடுத்தார், தெறித்து வந்த பந்தை அடித்தவனே மறுபடி உள்ளே தள்ளிவிட்டான். ஆனாலும் ஒப்பந்தம் முடிய முடிய சிட்டி அவரைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தது. 2023-இல் சிட்டி சாம்பியன்ஸ் லீக்கை வென்றது அதே இஸ்தான்புல்லில், அன்றைக்கும் அணியில் கார்சன் இருந்தார். முதல் தடவைக்கும் இதற்கும் நடுவே 18 வருஷம்! இரண்டு ஆட்டத்துக்காக ஒரு பெரிய கிளப் ஒருவரை ஆறு வருஷம் வைத்துக்கொள்ளுமா? தினமும் காலையில் அவர் செய்த வேலைக்காகத்தான் வைத்துக்கொண்டது. இந்தக் கணக்கை யாரும் பேப்பரில் போடுவதில்லை.

எமிலியானோ மார்ட்டினெஸ் கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதன் முதல் பாதியை யாரும் சொல்வதில்லை. 17 வயதில் அர்ஜென்டினாவை விட்டு இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்கு வந்தார். பத்து வருஷத்தில் ஆறு கிளப்புகளுக்கு கடனாக அனுப்பப்பட்டார். 2020 ஜூனில் முதல் கீப்பர் லெனோவுக்கு முழங்காலில் அடிபட்டதும்தான் இவருக்குத் தொடர்ந்து ஆட வாய்ப்பு. அங்கிருந்து இரண்டரை வருஷத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 3-3, கூடுதல் நேரமும் முடிகிற தருவாய், பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வருகிறான். இடது காலை நீட்டி அந்தப் பந்தைத் தடுத்தார் பார், அப்போது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கையையும் காலையும் விரித்து அந்த அளவுக்குப் பெரிதாக நிற்பது ஒரு நாளில் வருவதில்லை. யாரும் பார்க்காத மைதானங்களில் ஆயிரம் முறை அப்படி நின்று பழகிய உடம்பு அது.

உன் மகனுக்கு முன்னால் இருக்கும் இரண்டு கீப்பர்களைப் பற்றி நீ எழுதிய விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அவர்களைத் தடையாகப் பார்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதே. 2006 உலகக் கோப்பைக்குச் சில வாரம் முன்புதான் ஜெர்மனி அணியில் ஆலிவர் கானை ஒதுக்கிவிட்டு லேமனை முதல் கீப்பர் ஆக்கினார்கள். கான் அதற்கு முந்திய உலகக் கோப்பையிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பெர்லினில் அர்ஜென்டினாவோடு பெனால்டிக்குப் போனபோது, கான் லேமனிடம் நடந்துபோய்க் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். லேமன் இரண்டு பெனால்டியைத் தடுத்தார். அந்தப் படத்தை என் கீப்பர் பையன்கள் எல்லோருக்கும் காட்டுவேன். கான் அன்று செய்ததுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை என்று நான் நம்புகிறேன்.

சரி, தவறு செய்தால் என்ன ஆகும் என்ற உன் இன்னொரு கேள்விக்கு வருகிறேன். செய்வான், கட்டாயம் செய்வான்.

சோவியத் கீப்பர் லெவ் யாஷினைத் தெரியும்தானே? 1963-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருது வாங்கியவர். இன்றுவரை அதை வாங்கிய ஒரே கீப்பர். 1950-இல் டைனமோ மாஸ்கோவுக்காக இறங்கிய முதல் நட்பு ஆட்டத்தில் எதிரணி கீப்பர் ஓங்கி உதைத்த பந்தைப் பிடிக்க வந்து, தன் தடுப்பாட்டக்காரர் மேலேயே மோதி, கோல் வாங்கினார். அப்புறம் பெரிய அணியில் நிலைக்கச் சில வருஷம் ஆயிற்று. அந்த நாளில் ஐஸ் ஹாக்கியிலும் கீப்பராக நின்று சோவியத் கோப்பையை வென்றிருக்கிறார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஆட்டம் ஞாபகம் வரும். மூன்று வருஷம் காத்திருந்து நான் இறங்கிய முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே முதல் கீப்பருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. கிளவுஸின் உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஓடினேன், வாய் மட்டும் வறண்டு போயிருந்தது. பின்னால் கையை நீட்டி போஸ்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், எங்கே நிற்கிறேன் என்று தெரிய வேண்டுமே. வந்த முதல் பந்தே கார்னர். "கீப்பர்!" என்று கத்தினேன், ஆனால் அரை நொடி தாமதம். நீ ஏற்கெனவே எழும்பிவிட்டாய். என் முஷ்டி உன் புருவத்தில் விழுந்தது, பந்து வலையில் விழுந்தது. நாலு தையல் உனக்கு. பேண்டேஜ் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, ரத்தம் காய்ந்த முகத்தோடு என் முன்னால் நின்று நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அடுத்ததுக்குச் சீக்கிரம் கத்து." அதற்குப் பிறகு அந்தக் கோலைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் பேசியதில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன், அன்றைக்கு நீ வேறு எதையாவது சொல்லியிருந்தால் நான் அடுத்த கார்னருக்கு வெளியே வந்திருக்க மாட்டேன். வலைக் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்று, அப்படியே காணாமல் போயிருப்பேன்.

எல்லோருக்கும் அப்படி ஓர் ஆள் கிடைப்பதில்லை. பிரேசிலின் பார்போசாவுக்குக் கிடைக்கவில்லை. 1950 உலகக் கோப்பையைத் தீர்மானித்த ஆட்டத்தில், மரக்கானா மைதானத்தில், உருகுவேயின் கிஜியா முதல் கோலுக்குக் கொடுத்த மாதிரியே இரண்டாவது முறையும் கிராஸ் கொடுப்பான் என்று ஒரு காலடி முன்னால் நகர்ந்தார். அவன் போஸ்ட்டுக்கும் இவருக்கும் நடுவே அடித்துவிட்டான், பிரேசில் கோப்பையை இழந்தது. எந்தக் கீப்பரும் எடுத்திருக்கக்கூடிய முடிவுதான் அது, இன்றைக்கு என் பையன் ஒருவன் அப்படி நகர்ந்தாலும் நான் திட்ட மாட்டேன். ஆனால் 2000-இல் சாகும் வரை அந்த ஒரு காலடி அவரை விடவில்லை. பிரேசிலில் அதிகபட்சத் தண்டனையே 30 வருஷம்தான், நான் 50 வருஷமாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் சொல்லியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறாது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஜெர்மனியின் ராபர்ட் என்கே, தேசிய அணியில் ஆடிக்கொண்டிருந்த கீப்பர், 2009 நவம்பரில் 32 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பல வருஷமாக மனச்சோர்வு நோய். வெளியே தெரிந்தால் வாழ்க்கையே போய்விடும் என்று பயந்து மறைத்திருக்கிறார். மறுநாளே அவர் மனைவி எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அதைச் சொன்னார். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் பேசும்போது "ஏன்டா அந்தப் பந்தை விட்டாய்?" என்று அவனிடம் கேட்காதே. "தூங்கினாயா, சாப்பிட்டாயா, மனசு எப்படி இருக்கிறது?" என்று கேள். அவன் "ஒன்றுமில்லை" என்று சொன்னால், கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கேள்.

வயதைப் பற்றிக் கவலையே படாதே. இத்தாலியின் டினோ ஜோஃப் உலகக் கோப்பையைத் தூக்கியது 40 வயதில். எகிப்தின் எல் ஹடாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் நின்று ஒரு பெனால்டியையும் தடுத்தார். இத்தாலியின் இன்னொரு கீப்பர் புஃபோன் ஓய்வு பெற்றுக் கிளவுஸைக் கழற்றியதும் 45-இல்தான். உன் மகனுக்கு இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை. கால் வேலையைத்தான் அவன் இப்போது கவனிக்க வேண்டும். நம் அணி ஆள் காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கையில் எடுக்கக் கூடாது என்று 1992-இல் விதி வந்ததிலிருந்து கீப்பர் பாதி தடுப்பாட்டக்காரன் ஆகிவிட்டான். இப்போது பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் வேறு. அவனுடைய இடது கால் இன்னும் பலவீனம், நீயே பார்த்திருப்பாய். லீவில் வரும்போது தினமும் அரை மணி நேரம் நீ அவனோடு நின்று இடது காலுக்கு மட்டும் பந்து கொடு. உன்னைவிட நல்ல ஆள் இதற்குக் கிடையாது.

என் சங்கதி பெரிதாக ஒன்றுமில்லை. இடது மோதிர விரல் இப்போது முழுதாக மடங்குவதில்லை, சட்டைப் பொத்தானைப் போட மட்டும் கொஞ்சம் நேரம் ஆகிறது. காலையில் நாலு பையன்களுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். அந்தப் பெண்களில் ஒருத்தி கிராஸுக்கு வெளியே வருகிற தைரியத்தைப் பார்த்தால் நீ அசந்துபோவாய்.

அவன் கிளவுஸ் சைஸ் என்னவென்று கேட்டு எழுது. இறுக்கமாக வாங்க வேண்டாம் என்று சொல், விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். இரண்டு ஜோடி நான் வாங்கி அனுப்புகிறேன், ஒன்று பயிற்சிக்கு, ஒன்று ஆட்டத்துக்கு. ஆட்டத்துக்கான ஜோடியையும் ஒவ்வொரு வாரமும் நனைத்துத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்.

வியாழக்கிழமை ராத்திரி போன் பண்ணுகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் புருவத்தில் தையல் போட வைத்தவன்