ஆங்கிலச் சொல் பகுதி: எடுத்துக்காட்டு வாக்கியம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் தினமும் ஐந்து ஆங்கிலச் சொற்கள், அவற்றுக்குத் தமிழ்ப் பொருள், சொல்லுக்கொரு வாக்கியம் என்று வருகிறது. கடலூர்ப் பள்ளிப் பிள்ளைகளும், எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களும் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறியபின் அங்கும் இத்தகைய பகுதியைத் தேடும் பெற்றோர் உண்டு. இத்தனை பேர் நம்பிப் படிப்பதால்தான் எழுதுகிறோம்: அந்த வாக்கியங்கள் சரியில்லை.

‘ஃப்ரூகல்’ என்ற சொல்லுக்குச் ‘சிக்கனமான’ என்று பொருள் போட்டு, ‘ஹி இஸ் எ ஃப்ரூகல் மேன்’ என்று வாக்கியம் கொடுத்தால் என்ன பயன்? அந்தச் சொல்லை எடுத்துவிட்டு டால், ரிச், லேஸி என்று எதைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். வாக்கியம் எழுதுபவர் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் படிக்க வேண்டும். மறைந்திருப்பது ஏறக்குறைய என்ன என்று ஊகிக்க முடிந்தால் வாக்கியம் தேறியது. ‘ஷி இஸ் ஃப்ரூகல், ஷி ரைட்ஸ் ஹெர் ஷாப்பிங் லிஸ்ட் ஆன் ஓல்ட் என்வலப்ஸ், பட் பைஸ் குட் ரைஸ்’ என்று எழுதிப் பாருங்கள். பழைய கவரின் பின்பக்கம் சிக்கனத்தைச் சொல்கிறது; நல்ல அரிசி, அவள் கஞ்சப்பிசினாறி இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. கஞ்சனுக்கு ‘மைசர்’ என்று தனியாகச் சொல் இருக்கிறது.

வாக்கியத்துக்கு இன்னொரு வேலை, சொல் யாரோடு சேர்ந்து வரும் என்று காட்டுவது. பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம், பலத்த பாதுகாப்பு என்று நாம் ஒரே சொல்லால் சமாளிக்கிறோம். ஆங்கிலத்தில் மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’, காயத்துக்கு ‘சீரியஸ்’, பாதுகாப்புக்கு ‘டைட்’. ‘ஸ்ட்ராங் – பலத்த’ என்று மட்டும் படித்த பிள்ளை ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதத்தான் செய்யும். அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. இதற்கு இலக்கண விதி எதுவும் கிடையாது. சேர்த்துப் பார்த்துப் பழகுவது ஒன்றே வழி. ஆகவே ‘ஸ்ட்ராங்’ என்று தனியாக அச்சிடாமல் ‘ஸ்ட்ராங் விண்ட், ஸ்ட்ராங் டீ’ என்று சோடியாகவே அச்சிடலாம்.

வினைச்சொற்களில் சிக்கல் இன்னும் அதிகம். ‘எக்ஸ்பிளெயின் – விளக்கு’ என்று படித்துவிட்டு, ‘டெல் மீ’, ‘டீச் மீ’ போலவே ‘எக்ஸ்பிளெயின் மீ’ என்கிறார்கள். ‘எக்ஸ்பிளெயின் திஸ் டு மீ’ என்பதே சரி. ‘டிஸ்கஸ்’ இதற்கு நேர்மாறு. தமிழில் ‘அதைப் பற்றி விவாதித்தார்கள்’ என்று சொல்லிப் பழகியதால் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ வந்துவிடுகிறது; அங்கே அபவுட் வேண்டாம். வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரும், எது வராது என்பதை வாக்கியத்தில் தடித்த எழுத்தில் காட்டினால் பாதித் தவறு குறையும்.

பொருள் சொல்லும் முறைக்கு வருவோம். தமிழ்ப் பொருள் கூடாது என்று சிலர் வாதிடுவது வீண் பிடிவாதம். ‘ஆங்கர்’ என்றால் நங்கூரம். துறைமுகத்தை ஒட்டி வாழும் கடலூர் முதுநகர்ப் பிள்ளைக்கு அதை ஆங்கிலத்தில் இரண்டு வரி விளக்கத் தேவையில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய பொருள் என்றால் தமிழ்ச் சொல்லே போதும். ஆனால் கூட்டம் என்ற ஒரு சொல்லுக்கு கிரவுட், மீட்டிங், ஹெர்ட் என்று மூன்று இருக்கும்போது, தமிழ் மட்டும் படித்தவர் ‘பஸ்ஸில் ஒரே மீட்டிங்’ என்று எழுதிவிடுவார். இத்தகைய சொற்களுக்கு எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம் முதலில், தமிழ் அடுத்தது என்று வர வேண்டும். விளக்கம் சொல்லைவிடக் கடினமாக இருக்கக் கூடாது. 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் எழுதியது. கற்போருக்கான மற்ற அகராதிகளும் இன்று ஏறக்குறைய அப்படித்தான். இணையத்தில் இவை இலவசமாகவே கிடைக்கின்றன.

சொல் தேர்வு பற்றியும் சொல்லியாக வேண்டும். யாரும் பேசாத, எழுதாத அலங்காரச் சொற்கள் எதற்கு? டாக்காவில் ஆசிரியர் பயிற்சியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட, அதிகம் புழங்கும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள்தாம் உண்டு. சாதாரண ஆங்கில எழுத்தில் சுமார் 80 விழுக்காட்டை அவையே நிரப்பிவிடும். அவற்றைப் பிழையில்லாமல் கையாளத் தெரியாதவருக்கு ‘பல்க்ரிட்யூட்’ (அழகு) தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அடிப்படைக்கு மேலே போகும்போது, அன்றன்றைய செய்தியிலிருந்தே சொல்லை எடுக்கலாமே. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூரையும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரியையும் தாக்கியதை இந்த வட்டாரம் மறக்காது. ‘லேண்ட்ஃபால்’ (புயல் கரையைக் கடப்பது), ‘பிரீச்’ (கரை உடைப்பு), ‘எவாகுவேட்’ (ஆபத்திலிருந்து வெளியேற்றுவது) போன்ற சொற்கள் அப்போது ஆங்கிலச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும். ‘எவாகுவேட்’ என்பதை ஊரோடும் சேர்க்கலாம், மக்களோடும் சேர்க்கலாம்: ‘தே எவாகுவேட்டட் தி வில்லேஜ்’, ‘தே எவாகுவேட்டட் தி ஃபேமிலிஸ் ஃப்ரம் தி வில்லேஜ்’ இரண்டும் சரி. குடியிருந்தவர் வாடகை வீட்டைக் காலி செய்வது ‘வேகேட்’. இரண்டுக்கும் ‘வெளியேறு, காலி செய்’ என்று மட்டும் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரே கட்டத்தில் ஒத்த சொல், எதிர்ச்சொல் எல்லாவற்றையும் திணிப்பதையும் நிறுத்தலாம். ‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டையும் ஒரே நாளில் புதிதாகச் சொன்னால் எது கடன் வாங்குவது, எது கொடுப்பது என்று பல நாள் தடுமாறுவார்கள். இந்த வாரம் ‘பாரோ ஃப்ரம்’ என்று படியட்டும். அது உறுதியான பிறகு ‘லெண்ட் டு’ வரட்டும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தருவதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ‘பேட்’ என்று அச்சிட்டால் கிரிக்கெட் மட்டை, கெட்டது, செல்லமாகத் தட்டுவது, எழுதும் தாள் கட்டு நான்குக்கும் ஒரே எழுத்துதான். அதைவிட, எந்த அசையை அழுத்த வேண்டும் என்று குறிப்பது அவசியம். ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லானால் முதல் அசையில் அழுத்தம், வினையானால் இரண்டாவதில். ‘வெஜிடபிள்’ என்பதன் கடைசியில் மேசை எதுவும் கிடையாது, ‘வெஜ்டபிள்’ என்று சுருங்கித்தான் ஒலிக்கும். (புதுச்சேரியில் பிரெஞ்சும் படிக்கும் பிள்ளைகளுக்குக் கூடுதல் எச்சரிக்கை: பிரெஞ்சில் ‘லிப்ரேரி’ என்றால் புத்தகக் கடை, நூலகம் இல்லை.)

ஒட்டி வைக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். கத்தரித்து ஒட்டினால் நோட்டு நிறையும், மனதில் நிற்காது. கையால் எழுதுங்கள். தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து வரும் துணைச்சொல்லும். வலப்பக்கம் எளிய விளக்கம், தமிழ், கீழே சொந்த வாக்கியம். சொந்த வாக்கியத்தில் ‘பிகாஸ்’ என்று ஒரு காரணமாவது இருக்கட்டும். அப்போதுதான் பொருள் புரிந்ததா என்பது வெளிப்படும். அதை அகராதி வாக்கியத்தோடு ஒப்பிட்டு, துணைச்சொல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

திருப்பிப் பார்ப்பது மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்ற கணக்கில். மறதி முதல் நாளிலேயே அதிகம் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885லேயே தம்மையே சோதித்துக் காட்டிவிட்டார். பார்க்கும்போது ஆங்கிலப் பக்கத்தை மறைக்க வேண்டும். பெரும்பாலோர் தமிழ்ப் பக்கத்தை மறைத்துக்கொண்டு ‘எல்லாம் தெரிகிறது’ என்று திருப்திப்படுகிறார்கள். பார்த்தால் அடையாளம் தெரிவதும், பேசும்போது நாவில் வருவதும் ஒன்றாகாது.

இதற்கெல்லாம் இடம் வேண்டுமே என்றால், ஐந்து சொற்களை மூன்றாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் கொடுங்கள். சனிக்கிழமை புதுச் சொல் வேண்டாம். அந்த வாரத்துச் சொற்களில் பத்தும் போன மாதத்துச் சொற்கள் சிலவும் கோடிட்ட இடமாக வரட்டும். விடையைத் திங்கட்கிழமை வெளியிடுங்கள். அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிட்டால் பிள்ளைகள் முதலில் திருப்புவது தாளைத்தான்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.