ஒட்டுக்கன்று என்று வாங்கிய ஜாதிக்காய் மரங்களில் பூத்தவற்றில் பாதிக்கு மேல் ஆண்: நாற்றங்கால் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
பெயரும் முகவரியும் உங்கள் ரசீதில் உள்ளபடி,
ஆனைமலை வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
நிர்வாக இயக்குநர்,
நாற்றங்கால் நிறுவனம் (தலைமை அலுவலகம்).

நாள்: 10.03.2025

பொருள்: 2017 ஜூலையில் வாங்கிய 40 ஜாதிக்காய் ஒட்டுக்கன்றுகள், ஒட்டுக்கன்றுகளே அல்ல என்பது குறித்து.

ஐயா,

வணக்கம். உங்கள் வாடிக்கையாளர் பிரிவு ஜனவரியில் அனுப்பிய பதில் கிடைத்தது. "நல்லெண்ண அடிப்படையில்" நாற்பது புதிய கன்றுகளை இலவசமாகத் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழு வருடத்துச் சங்கதியை அரைப் பக்கத்தில் அடக்க எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. எங்கள் பக்கத்தில் வேர் வாடல் நோய் ஏற்கெனவே மரங்களைத் தின்றுகொண்டிருந்தது. 2016-இல் சுருள் வெள்ளை ஈயும் வந்து சேர்ந்தது. ஓலைகள் கறுத்து, தேங்காய் சிறுத்துப்போன நிலையில், தென்னையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று ஊடுபயிர் தேடினேன். பாதி நிழலும் ஈரமும் இருந்தால் ஜாதிக்காய் நன்றாக வரும். நாலு தென்னைக்கு நடுவில் ஒரு கன்று என்று வைத்தால் தென்னைக்கும் இடைஞ்சல் இல்லை. அப்போதுதான் உங்கள் துண்டுப்பிரசுரம் கைக்கு வந்தது.

அதை இன்னும் வைத்திருக்கிறேன். நகலை இணைத்திருக்கிறேன். மூன்று விஷயங்கள் அதில் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட விஸ்வஸ்ரீ ரகத் தாய் மரத்திலிருந்து எடுத்த ஒட்டு. நாலாம் வருடம் காய்ப்பு. குட்டையாகப் படர்ந்து வளர்வதால் தரையில் நின்றே பறிக்கலாம். கன்று ஒன்று 350 ரூபாய். நாற்பது வாங்கினேன். 14,000 ரூபாய்க்கு உங்கள் ரசீது இருக்கிறது. 38 பெண், மகரந்தத்துக்காக 2 ஆண் என்று உங்கள் ஆளே எண்ணிக் கொடுத்தார். ஆண் கன்று இரண்டிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

அந்தச் சிவப்புத் துணிக் கன்றுகளில் ஒன்று போன ஆடியில் 90 காய் காய்த்தது. சிரிப்பதா அழுவதா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் வாடிக்கையாளர் பிரிவின் பதிலைப் படித்தபோது அங்கே யாருக்காவது சொல்ல வேண்டியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. விதையிலிருந்து முளைத்த கன்று ஆணா பெண்ணா என்று இலையைப் பார்த்தோ தண்டைப் பார்த்தோ எந்த விவசாயியும் சொல்ல முடியாது. பூக்க வேண்டும். பூக்க ஆறேழு வருடம் ஆகும். முளைத்ததில் ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும். இந்தச் சூதாட்டத்தைத் தவிர்க்கத்தான் ஒட்டு. காய்த்து நிரூபித்த பெண் மரத்தின் குச்சியையோ மொட்டையோ எடுத்து, வேர்ச்செடியில், அதாவது வேருக்காக வளர்த்த இன்னொரு கன்றில், ஒட்டிக் கட்டினால், வளர்வது அந்தத் தாயேதான். பெண்ணும் அதே பெண், காயும் அதே காய். விதைக்கன்றுக்கு 50 ரூபாய், ஒட்டுக்கு 350 ரூபாய் என்றால், கூடுதலாக நான் கொடுத்த 300 ரூபாய் அந்த நிச்சயத்துக்கான விலை.

இனி என் தோட்டத்துக் கணக்கு. முதல் கோடையில் நாலு கன்று பட்டுப்போனது. அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை, அந்தப் பங்குனியில் மோட்டார் பழுதாகிப் பத்து நாள் சொட்டுநீர் நின்றது. மீதி 36. நாலாம் வருடம் ஒன்றும் பூக்கவில்லை. உங்கள் கிளைக்குத் தொலைபேசியில் கேட்டேன், "அடுத்த வருடம் வரும்" என்றார்கள். அடுத்த வருடமும் அதே பதில். 2022 முடிவில்தான் சில மரங்கள் பூத்தன. ஆண் மரம் பெரும்பாலும் முந்திக்கொண்டு பூக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கொத்துக் கொத்தாகப் பூவைப் பார்த்ததும் வீட்டில் பாயசம் வைத்தோம்.

பூ உதிர்ந்தது. பிஞ்சு இல்லை. மறுபடி பூத்தது, மறுபடி உதிர்ந்தது. பிறகுதான் பிளேடால் பூவை நெடுக்காகக் கீறிப் பார்க்கப் பழகினேன். வெளியே பார்க்க இரண்டும் மஞ்சள் மெழுகில் செய்த சின்னக் குடம் மாதிரிதான் இருக்கும். பெண் பூவைக் கீறினால் உள்ளே பருத்த சூலகம் உட்கார்ந்திருக்கும், உச்சியில் இரண்டாகப் பிளந்த நுனி. ஆண் பூவில் நடுவே ஒரு மெல்லிய தூண், அதைச் சுற்றி ஒட்டிக்கொண்ட மகரந்தப் பைகள். பெண் பூ வெளிப்பார்வைக்கும் கொஞ்சம் தடித்து, கொத்துக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று என்று நிற்கும். கண் பழகிவிட்டால் பிளேடு வேண்டாம்.

2024 ஆகஸ்டு வரை பூத்தவை 31 மரங்கள். அதில் ஆண் 17, பெண் 14. இன்னும் ஐந்து பூக்கவில்லை. நீங்கள் கொடுத்ததாகச் சொன்னது 38-க்கு 2. என் தோட்டத்தில் நிற்பது காசைச் சுண்டிப் போட்டால் வரும் கணக்கு. ஆணில் எப்போதாவது ஒன்றிரண்டு காய் பிடிக்கும் மரங்கள் உண்டு என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். அப்படிப்பட்டவற்றையும் தாராளமாகப் பெண் பக்கத்திலேயே சேர்த்து எண்ணியிருக்கிறேன்.

நவம்பரில் உங்கள் அலுவலர் வந்து பார்த்தார். நல்ல பிள்ளை, மோர் குடித்தார், மரியாதையாகப் பேசினார். ஆனால் அவர் சொன்ன காரணங்கள் இரண்டும் நிற்கவில்லை.

முதலாவது, யூரியா அதிகமாகப் போட்டால் பெண் மரம் ஆணாகிவிடுமாம். பக்கத்துப் பக்கத்து மரங்களுக்கு ஒரே சாணி எரு, ஒரே வேப்பம் புண்ணாக்கு, ஒரே தண்ணீர். ஒன்று ஆண், ஒன்று பெண். யூரியா ஆள் பார்த்தா வேலை செய்யும்?

இரண்டாவது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஒட்டுப் பட்டுப்போய், அடியில் இருந்த வேர்ச்செடி துளிர்த்து மரமாகியிருக்கலாம் என்றார். நடக்கக்கூடியதுதான், மறுக்கவில்லை. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளாமல் விட்டால் அது மேலே இருப்பதைக் கொன்றுவிடும். ஒன்றிரண்டு கன்றில் என்றால் என் கவனக்குறைவு என்று ஒத்துக்கொள்வேன். 36-லுமா? நட்ட அன்று என் மகள் எடுத்த படங்கள் இருக்கின்றன. தண்டு அடி முதல் நுனி வரை வழுவழுவென்று ஒரே தண்டு. வெட்டுத் தழும்பும் இல்லை, கட்டின நாடாவும் இல்லை. அன்றைக்கே உங்கள் ஆளிடம் கேட்டேன். "நாடாவை அவிழ்த்துவிட்டோம், ஒட்டு மண்ணுக்குள் இருக்கிறது" என்றார். பையைக் கிழித்து மண்ணைத் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும். மழை வரும்போல இருந்தது, குழிகள் தயாராக இருந்தன, நட்டுவிட்டேன். அந்தத் தவறு என்னுடையதுதான்.

இது போதாதென்றால், காய்க்கிற 14 மரங்களின் காய்களை ஒரு நாள் திண்ணையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு தாயிலிருந்து வந்த ஒட்டு என்றால் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருக்க வேண்டும். இங்கே ஒரு மரத்தில் உருண்டைக் காய், ஒன்றில் பேரிக்காய் மாதிரி நீண்ட காய். ஒன்றில் ஜாதிபத்திரி தடித்து, கொட்டையைக் கைவிரல் மாதிரி பொத்திப் பிடித்திருக்கிறது. அடுத்ததில் நார் நாராகக் கிடக்கிறது, காய்ந்தால் எடையே நிற்காது. மரங்களும் படர்ந்து குட்டையாக இல்லை. பக்கக் கிளையை ஒட்டினால்தான் புதர் மாதிரி படரும். என்னுடையவை அடுக்கடுக்காகக் கிளை விட்டு நேராக இருபது அடி போயிருக்கின்றன. தரையில் நின்று பறிக்க ஒட்டகச்சிவிங்கிதான் வரவேண்டும்.

ஆகவே நீங்கள் எனக்கு விற்றது விதைக்கன்று. அதை வளர்ப்பது பெரிய வித்தையில்லை. பழம் வெடித்ததும் கொட்டையை எடுத்து, காயவிடாமல் மணலில் புதைத்து ஈரம் காத்தால், ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் முளைத்துவிடும். பையில் மாற்றி வைத்தால் முடிந்தது. விதைக்கன்று விற்பது குற்றமும் இல்லை. விதைக்கன்று என்று சொல்லி விற்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

என் கோபம் எங்கே இருக்கிறது என்பது உங்கள் பதிலை எழுதியவருக்குப் புரியவில்லை. அதனால் என் பக்கத்துத் தோட்டத்து மச்சானின் கதையைச் சொல்கிறேன். அதே 2017 ஆடியில் அவரும் நாற்பது குழி எடுத்தார். உள்ளூர் நாற்றங்காலில் 50 ரூபாய் விதைக்கன்று 80 வாங்கிக் குழிக்கு இரண்டு வைத்தார். பாதி ஆணாகப் போகும் என்று அவருக்குத் தெரியும். பூத்த பிறகு குழியில் இருந்த ஆணை வெட்டிவிட்டுப் பெண்ணை விட்டார். இன்று அவருக்கு முப்பது குழியில் பெண் மரம் நிற்கிறது. செலவு 4,000. எனக்கு 14,000 செலவில் பதினான்கு பெண் மரம். ஒட்டு என்று நீங்கள் சொன்னதை நம்பியதால்தான் குழிக்கு ஒன்று வைத்தேன். விதைக்கன்று என்று தெரிந்திருந்தால் நானும் இரண்டு வைத்திருப்பேன். உங்கள் துண்டுப்பிரசுரத்தில் இருந்த ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த விலை இது. மச்சான் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது இலவசமாக நாற்பது கன்று தருகிறேன் என்கிறீர்கள். அதை எங்கே நடுவது? குழியில் மரம் நிற்கிறது. வெட்டிவிட்டு நட்டால், அது காய்க்கும்போது எனக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். அதுவும் ஒட்டுத்தான் என்று யார் சொல்வது? நீங்கள்தானே?

ரசீதின் பின்பக்கத்தில் "கன்றுகளுக்கு 30 நாள் மட்டுமே உத்தரவாதம்" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதையும் உங்கள் பதில் நினைவூட்டுகிறது. கன்று உயிரோடு இருப்பதற்கு 30 நாள் என்றால் நியாயம். ஆணா பெண்ணா என்பது ஏழாவது வருடம் தெரியும் பொருளுக்கு 30 நாள் உத்தரவாதம் என்றால் அதற்குப் பெயர் உத்தரவாதம் இல்லை. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விதை வழக்கில் சொல்லியிருக்கிறது. சோதனைக்காக விதையை எடுத்து வைத்திருக்கவில்லை என்று விவசாயியைக் குறை சொல்ல முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகாருக்கு இரண்டு வருடக் கெடு. குறை எனக்கு முழுதாகத் தெரியவந்தது 2024-இல் என்பதால் அந்தக் கெடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே என் வழக்கறிஞர் சொல்கிறார். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. மிரட்டுவதற்காக எழுதவில்லை, வழி விசாரித்து வைத்திருக்கிறேன் என்று தெரிவிக்கிறேன்.

எனக்கு வேண்டியது இது. பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் போதும், சின்னஞ்சிறு வண்டுகள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு ஆணை வைத்துக்கொள்கிறேன். மீதிப் பதினைந்து ஆண் மரங்களையும் பெண்ணாக மாற்றித் தாருங்கள். மரத்தைப் பாதியில் வெட்டி, துளிர்த்து வரும் புதுக் கிளையில் நல்ல பெண் மரத்து மொட்டை ஒட்டும் வழி இருக்கிறது, கேரளத்தில் செய்கிறார்கள். வேர் ஏற்கெனவே ஊன்றியிருப்பதால் புதுக் கன்றைவிடச் சீக்கிரம் காய்க்கும். கை தேர்ந்த ஆளையும், தாய் மரம் எது என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒட்டுக்குச்சியையும் உங்கள் செலவில் அனுப்புங்கள். பிடிக்காத மரத்துக்கு மறு வருடமும் வர வேண்டும். இன்னும் பூக்காத ஐந்தில் ஆண் வந்தால் அதற்கும் இதே ஏற்பாடு. கன்றுக்குக் கூடுதலாக வாங்கிய 300 ரூபாயை, நாற்பதுக்கும் சேர்த்து 12,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுங்கள். நாலாம் வருடம் முதல் காய்த்திருக்க வேண்டிய மரங்களின் மகசூல் இழப்பைத் தனியாகக் கணக்கிட்டு, மண்டி ரசீதுகளோடு இணைத்திருக்கிறேன். அதில் பேரம் பேச நான் தயார். மற்றவற்றில் இல்லை.

அதே வருடம் உங்களிடம் அதே கன்றுகளை வாங்கியவர்கள் எங்கள் வட்டாரத்தில் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்கு நீங்களே எழுதித் தெரிவித்துவிடுங்கள். சிலர் இன்னும் பூவைப் பார்த்துப் பாயசம் வைத்துக்கொண்டிருக்கலாம்.

மரத்தை வெட்டுவதென்றால் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் வெட்டினால்தான் மழையில் நன்றாகத் துளிர்க்கும். அதனால் ஏப்ரல் 15-க்குள் எழுத்தில் பதில் வேண்டும். யார் வந்தாலும் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள், நாயைக் கட்டிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆனைமலை வட்டத்துத் தென்னை விவசாயி
(கையொப்பம்)