எங்கள் ஹெரால்டை நடுவர்கள் முன் நிறுத்தியவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். பழைய கார்க் கண்காட்சி முடிந்து எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நேற்று மாலை பத்திரமாகத் தாம்பரத்து வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வியாழக்கிழமை வண்டியின் முன்பக்கம் அடிபட்டதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள் என்பதால் அதை இங்கே மறுபடியும் விவரிக்கவில்லை. இந்த ஆண்டு வண்டி கண்காட்சிக்குப் போகாது என்று நானும் என் கணவரும் அன்றிரவு பேசி முடித்துவிட்டுத்தான் படுத்தோம். என் மாமனார் வாங்கிய அந்த 1970-ஆம் ஆண்டு மார்க் 3, பல ஆண்டு வேலைக்குப் பிறகு முதன்முறையாக மதிப்பீட்டு வரிசையில் நின்றது என்றால், அது உங்களால்தான்.

இரவிரவாகத் தட்டி நிமிர்த்திய டிங்கர் அண்ணன், பழைய நிறத்தோடு புது நிறம் ஒட்டும்வரை விடாமல் கலந்து பார்த்த பெயிண்டர், கடையைப் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பி வந்து திறந்து ஹெட்லைட் வளையத்தைத் தேடி எடுத்துத் தந்த புதுப்பேட்டை உதிரிபாகக் கடைக்காரர், டீசல் காசு மட்டும் போதும் என்று சொன்ன ரெக்கவரி வண்டி ஓட்டுநர், ஹாரனும் வைப்பரும் வேலை செய்யும்வரை வீட்டுக்குப் போக மறுத்த எலக்ட்ரீஷியன், குரோம் பாகங்களை விடியும்வரை துடைத்த என் மகனின் கல்லூரி நண்பர்கள் ஆகிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஆயினும் இந்த மடலில் பெரும் பகுதி, கண்காட்சித் திடலில் சனிக்கிழமை காலை நாங்கள் சந்தித்த ஒரு பெரியவருக்கே உரியது.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு அதன் பானட்டை, அதாவது எஞ்சினை மூடும் முன்மூடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு மட்கார்டுகளும் ஹெட்லைட்டுகளும் சேர்ந்த முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்து 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தக் காரின் உடல் ஒரே கூடாகச் செய்யப்படவில்லை. கோவென்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து தந்த தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டபடியால், சிறு சிறு பகுதிகளாகச் செய்வித்து, தனிச் சேஸிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் போல்ட் போட்டுச் சேர்க்கும்படி அதை அமைத்தார்கள். எனவே கதவுக்கும் தூணுக்கும், கதவுக்கும் பானட்டுக்கும் இடையே உள்ள ஒவ்வோர் இடைவெளியும், உடலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கப்படும் மெல்லிய பேக்கிங் தகடுகளைப் பொறுத்தே அமைகிறது. சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டிலும் அதே அமைப்புதான். அதிலும் எங்களுடையது நான்கு கதவு வண்டி. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு தயாரிக்கப்படவே இல்லை என்பதால், பின்கதவு விஷயத்தில் அங்கிருந்து வரும் கையேடுகளும் உதவுவதில்லை, உதிரிபாகங்களும் கிடைப்பதில்லை.

அன்று காலை திடலில் பானட்டை மூடியபோது இடப்பக்கம் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. வலப்பக்கம் நகம்கூட நுழையவில்லை. நடுவர்கள் எங்கள் பிரிவுக்கு வரச் சிறிது நேரமே இருந்தது. என் கணவர் பக்கவாட்டுக் கொக்கிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டியுடன், பேத்தியின் கையைப் பிடித்தபடி வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்த அந்தப் பெரியவர் எங்கள் வண்டியருகே நின்றார். பானட்டை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து, முன்கதவின் இடுக்கில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போனார்.

“ஏம்மா, வண்டி முன்னாடி அடி வாங்குச்சா?” என்றார்.

“ஆமாங்க ஐயா, வியாழக்கிழமை.”

“அப்ப பானட்டுல கை வைக்காதீங்க. பின்கதவுல ஆரம்பிச்சு முன்னாடி வரணும். கதவு சரியா உக்காந்தா பானட்டு தானா வழிக்கு வரும்.”

வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு ஆலையில், உடல் பொருத்தும் பிரிவில் வேலை பார்த்தவராம். ஸ்பானர் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு பேக்கிங் தகடு இருக்கிறதா என்று கேட்டார். வண்டியைப் பிரித்தபோது கழற்றிய பழைய தகடுகளை என் கணவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அவற்றில் ஒன்றை எடுத்து, துருவைத் தேய்த்துவிட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “இது எங்க தகடுதான்” என்றார். அப்படியே புல்தரையில் துண்டை விரித்து வண்டிக்கடியில் படுத்துவிட்டார். வேண்டாம் ஐயா, நாங்கள் செய்கிறோம், நீங்கள் சொன்னால் போதும் என்று நாங்கள் கெஞ்சியது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. செல்போன் வெளிச்சத்தைப் பேத்தி பிடித்துக்கொண்டாள்.

இடப்பக்கம் உடலைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி ஒரு தகட்டைச் செருகினார். பின்கதவின் இடைவெளி நேரானது, அதன்பின் முன்கதவு. அதற்குப் பிறகுதான் பானட்டின் முன்கீல் போல்ட்டுகளுக்கு வந்தார். ஒவ்வொரு முறை நகர்த்தியபோதும் என்னையே மூடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ரெண்டு சத்தம் வருதா? அப்ப ஒரு பக்கம் முன்னாடியே உக்காருது. ரெண்டு பக்கமும் ஒண்ணா உக்காந்தா ஒரே சத்தம்தான் வரும்.” அந்த ஒற்றைச் சத்தம் வந்ததும் கொக்கிகளை இறுக்கச் சொல்லிவிட்டு எழுந்தார். வேட்டி முழுவதும் கிரீஸ்.

வண்டிகளின் அணிவகுப்பைப் பார்ப்பதற்காகவே செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி வந்தவர் அவர் என்பதைப் பேத்தி பிறகுதான் சொன்னாள். அவர் எங்கள் வண்டிக்கடியில் கிடந்த நேரத்தில் அணிவகுப்பு முடிந்துவிட்டது. நடுவர்களிடம் அவரை அறிமுகப்படுத்த வேண்டும் என்று என் கணவர் எவ்வளவோ அழைத்தும், கயிற்றுக்கு அப்பாலேயே நின்றுகொண்டார். பணம் என்ற பேச்சை நாங்கள் எடுக்கும் முன்னரே கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

பரிசுப் பட்டியலில் எங்கள் வண்டி இல்லை. இருக்கைத் துணியின் நெசவு, டயரின் வகை, எஞ்சின் அறையில் தேவைக்கு மிஞ்சிய பளபளப்பு ஆகியவற்றுக்கு நடுவர்கள் மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். ஆலையிலிருந்து வெளிவந்தபோது வண்டி எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும் என்பதே அவர்கள் அளவுகோல் ஆகையால், அந்த மதிப்பீடு முற்றிலும் நியாயமானது. மதிப்பெண் தாளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இன்னொரு வரியை. உடல் பொருத்தம் என்ற அந்த வரியில் ஒரு மதிப்பெண்கூடக் கழியவில்லை. அந்த மதிப்பெண் முழுவதும் அவருடையது.

ஆலையில் கார் உற்பத்தி நின்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இங்கிலாந்து வண்டிக்காவது அச்சிட்ட கையேடு இருக்கிறது. நம் நான்கு கதவு ஹெரால்டின் உடலைத் தாங்கும் எந்தத் தாங்கியில் எத்தனை தகடு, எந்த இடைவெளியை முதலில் சரிசெய்வது என்பதெல்லாம் இவரைப் போன்றவர்களின் கைப்பழக்கத்தில் மட்டுமே இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் இந்த வண்டிக்காக உதிரிபாகக் கடைகளை எல்லாம் தேடி அலைந்த எனக்கு, பக்கத்து ஊர்களில் இருக்கும் அந்த மனிதர்களைத் தேடவேண்டும் என்று தோன்றாமலே இருந்ததை எண்ணிப் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கு வரப் பெரியவர் இசைந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தாங்கியையும் படமெடுத்து, தகடுகளின் எண்ணிக்கையோடும் தடிமனோடும் தமிழில் எழுதி வைக்கப் போகிறேன். ஹெரால்டு வைத்திருக்கும் யார் கேட்டாலும் அதன் படியைக் கொடுப்பேன். அந்த ஆலையில் பணிபுரிந்த வேறு பெரியவர்கள் உங்கள் உறவிலோ தெருவிலோ இருந்தால் சொல்லுங்கள். நாங்களே போய்ப் பார்த்துக் கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

விடைபெறும்போது, இடது பின்கதவு ரப்பர் அசல் இல்லை, அதை மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு கதவு மார்க் 3-இன் அசல் பின்கதவு ரப்பர், கிழிந்த துண்டாக இருந்தாலும் சரி, யாரிடமாவது இருந்தால் சில நாள் இரவல் தர வேண்டுகிறேன். அச்சு எடுத்துக்கொண்டு அப்படியே திருப்பித் தந்துவிடுவோம்.

நன்றியுடன்,
ஹெரால்டு குடும்பத்தினர்
தாம்பரம்