ஐ7 என்று மட்டும் சொன்னால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இணைப்பிதழின் கேள்வி பதில் பகுதியில், கையில் கொஞ்சம் பணத்தோடு முதல்முறையாகத் தானே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைக்கும் கல்லூரி மாணவருக்கு வந்திருந்த பதிலைப் படித்தேன். "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், நல்ல எஸ்எம்பிஎஸ்." அவ்வளவுதான், ஒரே வரி. இந்த வரியை எடுத்துக்கொண்டு அந்தப் பையன் கடைக்குப் போனால் பத்து வருடம் பழைய சரக்கையும் வாங்கி வரலாம், அருமையான ஒன்றையும் வாங்கி வரலாம். இரண்டுமே நீங்கள் சொன்னதற்கு அட்சரசுத்தமாகப் பொருந்தும். என் புகார் அதுதான்.

முதலில் ஐ7. பிராசஸர் செய்யும் இன்டெல் நிறுவனம் 2008-இலிருந்து பல தலைமுறைகளுக்கு இதே பெயரை வைத்திருக்கிறது. ஒரே தெருவில் நாலு முருகன் இருப்பது மாதிரி. எந்த முருகன் என்று சொல்லாவிட்டால் கடிதம் யாருக்கோ போய்ச் சேரும். 2011-இல் வந்த ஐ7-2600-க்கும் நான்கு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைச் சரடுகள்). 2022-இல் வந்த, இன்டெல் வரிசையில் கீழ்ப்படியில் இருக்கும் ஐ3-12100எஃப்-க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் ஆட்டத்தில் அந்த ஐ3, ஐ7-ஐ வெகுதூரம் பின்னால் விட்டுவிடும், ஏனென்றால் ஒவ்வொரு கோரும் ஒரு நொடியில் செய்து முடிக்கும் வேலை இடையில் அவ்வளவு கூடியிருக்கிறது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவு தருவது பெரும்பாலும் இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. "ஐ7 கேமிங் பிசி" என்று கவர்ச்சியாக விளக்கு மின்ன விற்கப்படும் மலிவான பெட்டிகளில் பல இந்தப் பழைய முருகன்கள்தான்.

எனவே கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டும் தலைமுறை. கடைசியில் எஃப் என்று எழுத்து இருந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போடாமல் திரையில் ஒன்றும் தெரியாது. இது தெரியாமல் "கார்டு அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்" என்று எஃப் பிராசஸரை வாங்கிவிட்டு, ஆன் ஆகிறது ஆனால் படம் வரவில்லை என்று விழிப்பவர்கள் நிறைய. இன்றைய ஆட்டங்களுக்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் இருந்தால் நிம்மதி. இன்டெலின் ஐ5-12400எஃப், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 இரண்டும் அந்த ரகம். அதற்கு மேல் பிராசஸருக்குப் போகும் பணம், குறைந்த பட்ஜெட்டில், கிராபிக்ஸ் கார்டிலிருந்து பிடுங்கிய பணம்.

அடுத்து "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு". இந்தச் சொல்லில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜிபி என்பது கார்டில் இருக்கும் நினைவகத்தின் அளவு, அதன் வேகம் அல்ல. வேலை செய்வது நடுவில் இருக்கும் சிப். அந்தச் சிப்பின் பெயரைக் கேட்டாலே போதும் என்று நினைத்தால் அங்கேயும் பொறி இருக்கிறது. ஜிடி 1030 என்ற கார்டு முதலில் ஜிடிடிஆர்5 என்ற, கிராபிக்ஸுக்கென்றே செய்த வேக நினைவகத்தோடு வந்தது, நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும். 2018-இல் அதே பெயரில், சாதாரண ராமில் இருக்கும் டிடிஆர்4 போட்டு ஒன்று வந்தது, அது கடத்துவது சுமார் 16 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு! அட்டைப் பெட்டியில் பெயர் மட்டும் மாறவில்லை. ஆர்டிஎக்ஸ் 3050-லும் இதே கதை, 8 ஜிபி கார்டும் 6 ஜிபி கார்டும் வெறும் நினைவகத்தில் மட்டும் வேறுபடவில்லை, 6 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு, நினைவகத்துக்குப் போகும் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறுகிவிட்டது. (அதற்குத் தனியாக மின்கம்பி தேவையில்லை என்பது ஒரு நல்ல குணம், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட நினைப்பவர்களுக்கு உதவும். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.)

உங்கள் பதிலில் இருக்கும் 4 ஜிபிக்கே வருகிறேன். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஒரு 4 ஜிபி கார்டு. அது மதர்போர்டோடு பேசுவது வெறும் நான்கு பிசிஐஇ பாதைகளில் (கார்டு செருகும் இடத்தில் தரவு போய்வரும் வழிகள்). புதிய போர்டில் பிசிஐஇ 4.0 இருந்தால் ஒருமாதிரி சமாளிக்கும், பழைய 3.0 போர்டில் போட்டால் அந்தப் பாதையின் வேகம் பாதியாகி, 4 ஜிபி நிரம்பும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி ஓடும். அந்தக் கார்டை வாங்கத் தோன்றுவது யாருக்கு? பணம் குறைவாக, பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்குத்தான். 1080பி திரையில் புதிய பெரிய ஆட்டங்களை ஓட்ட 8 ஜிபிதான் இன்றைக்குத் தொடக்கம், சில ஆட்டங்களில் அதுவே மூச்சுத் திணறுகிறது. ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு பழைய 8 ஜிபி கார்டு நல்ல நிலையில் கிடைத்தால், பெயரில் மட்டும் புதிதாக இருக்கும் 4 ஜிபி கார்டை விட எவ்வளவோ மேல்.

சரி, எந்தக் கார்டு வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது? திரையிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன், ஆனால் உங்கள் பதிலில் மானிட்டர் என்ற சொல்லே இல்லை. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது நொடிக்குப் பல முறை மாறும் ஒவ்வொரு படத்திலும், அத்தனை புள்ளிக்கும் நிறம் கணக்கிட்டுத் தருவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. 1080பி வைத்திருப்பவர் 4கே-க்கான கார்டு வாங்குவதும், 4கே டிவியில் மாட்டலாம் என்று கனவு கண்டுகொண்டு சின்னக் கார்டு வாங்குவதும் ஒரே ரக வீண். அப்புறம், என்ன ஆடப் போகிறார்? போட்டிக்காக ஆடும் லேசான துப்பாக்கிச் சண்டை ஆட்டங்கள் என்றால் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தை மாற்றும்) மானிட்டரும் நல்ல பிராசஸரும் முக்கியம். பெரிய கதை ஆட்டங்கள் என்றால் 60 ஹெர்ட்ஸே போதும், பணத்தைக் கார்டில் போடலாம். மானிட்டரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மொத்தப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்கு என்பது நான் நண்பர்களுக்குச் சொல்லும் கணக்கு. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் பிராசஸர் கார்டை விட விலை அதிகம் என்று ஒரு பட்டியல் வந்தால் அந்தப் பட்டியல் ஆடுகிறவருக்காகப் போட்டது இல்லை.

இனி அந்த "நல்ல எஸ்எம்பிஎஸ்", அதாவது வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டி. நல்லது என்றால்? கேபினெட்டோடு இலவசமாக வருவதும் தன்னை நல்லது என்றுதான் சொல்லிக்கொள்கிறது. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் வரியிலிருந்து. சீட்டின் மேலே பெரிதாக 500 வாட் என்று போட்டிருக்கும். கீழே 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள், 216 வாட். மீதியெல்லாம் யாரும் அவ்வளவாகப் பயன்படுத்தாத 3.3, 5 வோல்ட் வரிகளில் கணக்குக் காட்டியது. ஒழுங்கான 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் வரியே அநேகமாக முழு வாட்டையும் தரும். இந்த ஒரு பெருக்கலைச் செய்தாலே பாதிக் குப்பை கழிந்துவிடும்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது 2004-இல் தொடங்கியது, அளப்பது முக்கியமாக மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் எத்தனை வருடம் தாங்கும், ஷார்ட் ஆனால் தானே அணையுமா என்றெல்லாம் அது சொல்லாது. எனவே முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அதோடு அந்த மாடலை யாராவது பிரித்துப் பார்த்துச் சோதித்து எழுதியிருக்கிறார்களா என்று தேட வேண்டும். ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட், ரைசன் 5 5600-க்குக் குறிப்பிட்டிருப்பது 65 வாட்; மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டைத் தொடாது. ஒழுங்கான 550 வாட் தாராளம். மலிவான 750 வாட்டை விட அதுவே பத்திரம். முதல்முறை கட்டுபவருக்கு இன்னொன்று: கழற்றி மாட்டும் கம்பிகள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில் வேறு மாடலின் கம்பியை ஒருபோதும் செருகக் கூடாது. பொருந்தும், ஆனால் உள்ளே ஊசிகளின் வரிசை வேறாக இருக்கலாம், தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி புகைந்துவிடும்.

ராம் 16 ஜிபி என்றீர்கள், சரிதான், ஆனால் ஒரே குச்சியாகவா, இரண்டு எட்டாகவா? இரண்டாகப் போட்டால் இரண்டு சேனலிலும் தரவு ஓடும், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை வைத்து ஆடுபவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு இடம் இருக்கும் போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும் சரியான இடம். 3200 வேகம் என்று வாங்கிய டிடிஆர்4 ராம், பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டில் இருக்கும் மென்பொருள்) எக்ஸ்எம்பி என்ற, ராமின் முழு வேகத்தைத் திறந்துவிடும் அமைப்பை ஆன் செய்யாவிட்டால் 2133-லோ 2400-லோ சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், வருடக்கணக்கில்கூட. 2025 கடைசியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை ஏறிக் கிடக்கிறது, இந்த நேரத்தில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக்கூட அனுபவிக்காமல் இருப்பது கொடுமை. பழைய ராம் வாங்குவதில் தப்பில்லை, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டால் போதும்.

ஹார்டு டிஸ்க் வேண்டவே வேண்டாம், விண்டோஸும் ஆட்டங்களும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். நொடிக்கு 7000 எம்பி என்று விளம்பரம் செய்யும் விலை கூடியதும் தேவையில்லை. 550 எம்பி தரும், பழைய இணைப்பு ரகமான சாட்டா எஸ்எஸ்டிக்கும் அதற்கும் ஆட்டம் திறக்கும் நேரத்தில் பெரும்பாலும் சில நொடிகள்தான் வித்தியாசம். கேபினெட் முன்பக்கம் வலையாக, காற்று போக வழியாக இருந்தால் சரி. கண்ணாடி முகப்பும் வண்ண விளக்கும் அழகுக்கு.

மதர்போர்டில் ஒரு விஷயம் மட்டும். இரண்டு மூன்று வருடம் கழித்துப் பிராசஸரை மாற்றும் எண்ணம் இருந்தால் பிராசஸர் பொருந்தும் இடமான சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் முதல் ரைசன் வாங்கியவர்களில் பலரால், அதே போர்டில் பயாஸை மட்டும் புதுப்பித்து 5000 வரிசை வரை போட முடிந்தது. 2022-இல் வந்த ஏஎம்5-க்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு தருவதாக அந்நிறுவனம் சொல்லியிருக்கிறது, ஆனால் அதில் டிடிஆர்5 ராம் மட்டுமே போடலாம். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14-ஆம் தலைமுறைகளோடு முடிந்துவிட்டது, அதற்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. கைவசம் டிடிஆர்4 ராம் இருப்பவர் போர்டின் முழுப் பெயரையும் படிக்காமல் வாங்கினால் ராம் செருகும்போதுதான் தெரியும்.

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று அடுத்து கேட்பார், நிச்சயம் கேட்பார். வாங்கலாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓயாமல் ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டதும் ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை, ஃபேன் ஆடுகிறதா, வெப்பம் ஏறுகிறதா என்று கண்முன் அரைமணி நேரம் ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தால் போதும். ஒதுக்க வேண்டியது போலிகளை. ரொம்பப் பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று காட்டும்படி செய்து விற்றிருக்கிறார்கள், விண்டோஸும் அதை நம்பி அந்தப் பெயரையே காட்டும். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் இதைப் பிடிக்கும் வசதி 2018-இலிருந்து இருக்கிறது, இப்படிப்பட்ட கார்டு என்றால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுவிடும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அந்த மாணவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: என்ன மானிட்டர் இருக்கிறது, என்னென்ன ஆட்டங்கள், பழைய பாகம் ஏதாவது கைவசம் உண்டா. அதன் பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் எண் உட்பட முழுப் பெயரைப் போட்டுப் பதிலைத் திரும்ப வெளியிடுங்கள், இடம் போதாவிட்டால் ஹார்டு டிஸ்க் வரியை எடுத்துவிடலாம். அதுவரை அவர் எதையும் வாங்க வேண்டாம், முக்கியமாக கேபினெட்டோடு சும்மா வரும் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்