ஆணையை முதலில் வாசி, மகன்

மட்டக்களப்பு

அன்பு மகன்,

இங்கே எல்லாரும் சுகம். வேளாண்மை வெட்டு முடிந்தது, விலை வழமைபோலத்தான். சின்னக்காவுக்கு மறுகா இடமாற்றம். மற்றதுகளை அம்மா சொல்லுவா.

போனமுறை கதைக்கும்போது, "சனம் சாகிற இடத்துக்கு யாராவது படையோட போகத்தானே வேணும்" என்றாய். பிழையில்லை. ஆனால் அது பாதிக் கதை.

2001இல் கரெத் எவன்சும் முகமது சஹ்னூனும் தலைமை தாங்கிய சர்வதேச ஆணைக்குழு, இன்னொரு நாட்டில் படையோடு தலையிடுவது எப்போது நியாயம் என்று வைத்த ஆறு அளவுகோல்களும் உனக்குப் பாடம்: நியாயமான காரணம், சரியான நோக்கம், கடைசி வழி, அளவான பலம், வெற்றிபெற நியாயமான வாய்ப்பு, உரிய அதிகாரம். அரசறிவியலில் 'ஏ' எடுத்தவன் நீ, இப்பவும் எனக்கு அதில் பெருமைதான். எல்லாரும் முதலாவதிலும் ஆறாவதிலும் நின்று வாதாடுவார்கள். களத்தில் சனத்தைச் சாகவிடுவது ஐந்தாவதை, வெற்றிபெறும் வாய்ப்பை, மறப்பதுதான்.

ஸ்ரெப்ரெனிட்சாவைப் பார். 1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்புச் சபை அதைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. பொஸ்னியாவில் அப்படி அறிவித்த ஆறு இடங்களையும் காக்க 34,000 பேர் வேண்டும் என்று கணக்குக் கொடுத்தார்கள். சபை ஒப்புக்கொண்டது 7,600. வான் தாக்குதல் கேட்டால் ஐ.நா.வும் நேட்டோவும் இரண்டுமே சம்மதிக்க வேண்டும். 1995 ஜூலையில் அங்கே நின்றது இலகு ஆயுதங்களோடு சில நூறு டச்சுப் படையினர். பொஸ்னிய சேர்பியப் படை ஏறத்தாழ 8,000 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. பழி அங்கு நின்ற பொடியன்களின் தலையில் விழுந்தது. ஆளணியை வெட்டியவர்களின் பெயர் யாருக்கு ஞாபகம்?

ருவாண்டாவிலும் அதுதான். இனப்படுகொலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1994 ஏப்ரல் 21இல், 2,500 அளவில் இருந்த ஐ.நா. படையை 270ஆகக் குறைக்கச் சபை தீர்மானித்தது. ஆகவே ஆணையை, அதாவது படை எதற்கு, எத்தனை பேரோடு, என்ன அதிகாரத்தோடு போகிறது என்று எழுதிக்கொடுப்பதை, வாசி, மகன். காரணத்தை யாரும் அழகாகச் சொல்லுவார்கள்.

கொசோவோவில், 1999இல், சபையின் அனுமதி இல்லாமல் நேட்டோ 78 நாள் குண்டு போட்டது. அந்த நாட்களில் தரையில் சண்டைக்குப் படை இறக்கவில்லை. வீடுவீடாகப் போய்ச் சனத்தைத் துரத்துகிற சேர்பியப் படையை உயரத்தில் பறக்கும் விமானம் எப்படித் தடுக்கும்? அந்த நாட்களில்தான் லட்சக்கணக்கில் எல்லை தாண்டினார்கள். லிபியாவுக்கு அனுமதி இருந்தது: 2011 மார்ச்சில் 1973ஆம் தீர்மானம், பத்து நாடுகள் ஆதரவு, ஐந்து ஒதுங்கின. பொதுமக்களைக் காக்கக் கொடுத்த ஆணை ஆட்சியைக் கவிழ்ப்பதில் போய் முடிந்தது. கடாபி போனபின் ஆயுதங்களைச் சேகரிக்க, காவலுக்கு நிற்க, ஒரு படையும் இல்லை. அந்த ஒக்டோபரிலேயே சிரியா பற்றிய தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. லிபியாவை அதற்கு ரஷ்யா காரணமாகக் காட்டியது.

சம்மதம் இருந்தால் போதும் என்றும் நினைக்காதே. 1987 ஜூன் 4இல் சம்மதமில்லாமல் யாழ்ப்பாணத்தில் உணவு போட்ட இந்தியா, ஜூலை 29இல் ஒப்பந்தத்தோடு படையை இறக்கியது. ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டிய புலிகள் அதில் ஒப்பமிடவில்லை. ஒக்டோபரில் சண்டை. 1990 மார்ச்சில் படை போனது. ஜூனில் மறுகா யுத்தம். ஓகஸ்டில் காத்தான்குடிப் படுகொலை, செப்டெம்பரில் சத்துருக்கொண்டான் படுகொலை. மிச்சம் உனக்குச் சொல்லத் தேவையில்லை.

உன் வயதுப் பொடியன் யாராவது கேட்டால் இதைச் சொல்லு. ஐ.நா. சாசனத்தின் எந்த அத்தியாயத்தின் கீழ் போகிறீர்கள், சமாதானமாகத் தீர்க்கச் சொல்லும் ஆறா, பலத்தைப் பாவிக்க விடும் ஏழா? உன்னைச் சுட்டால்தான் திருப்பிச் சுடலாமா, பக்கத்தில் நிற்கிற சனத்தைச் சுட்டாலும் சுடலாமா? ஐ.நா. தளபதி சொன்னாலும் உன் நாட்டு அரசு மறுக்கலாமா? மறுக்கலாம், பல நாடுகள் அப்படித்தான் நிபந்தனை போட்டுப் படை கொடுக்கின்றன. காயப்பட்டவனை எத்தனை மணித்தியாலத்தில் வெளியே எடுப்பார்கள்? நீங்கள் போனபின் யார் நிற்பது? இதெல்லாம் எழுத்தில் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல காரணமாக இருந்தாலும், அந்தத் தலையீட்டுக்கு நியாயம் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆணையை வாசி. கையெழுத்து வைக்கமுன் வாசி.

பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதியை நீ சித்தியிடம் கேட்டு எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் கேட்டிருக்கலாம். அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஞாயிறு பின்னேரம் அவ வீட்டில்தான் இருப்பா. நீயே எடுத்துச் சொல்லு.

அப்பா